அந்த நண்டுப் படத்தை எடுத்தவள்

ஹபீபா போய்விட்ட செய்தி அவள் வீட்டிலிருந்து எனக்கு வரவில்லை. அவளுடைய எதிரியிடமிருந்து வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை. பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் பருப்பை அடுப்பில் ஏற்றிவிட்டு நின்றிருந்தேன். கைப்பேசியில், வீட்டிலிருந்து சமைத்து விற்கிற நம் பெண்கள் குழுவிலிருந்து ஒரு படம் வந்து விழுந்தது. கறுப்புக் கரை போட்ட அஞ்சலிப் படம். ஒரு மூலையில் வெள்ளைச் சட்டையில் கைகூப்பியபடி அந்த ஓட்டல்காரர். நடுவில், இறந்தவர் முகம் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு தட்டு நண்டு வறுவல். அதற்குக் கீழே, 'எங்கள் உணவகத்தின் அன்புச் சகோதரி ஹபீபா அவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி'. நான் முதலில் நண்டைத்தான் பார்த்தேன், இன்றைக்கு என்ன தள்ளுபடியோ என்று நினைத்தேன். பெயரை வாசித்தது அப்புறம்தான். பருப்பு பொங்கி வழிந்து அடுப்பை அணைத்துவிட்டது.

ஹபீபா தன் முகத்தை யாரும் படம் எடுக்க விட்டதில்லை. முகம் கிடைக்காததால், அவளிடமிருந்து எடுத்துக்கொண்ட படத்தையே அவளுக்கு முகமாக வைத்துவிட்டார் அந்த மனிதர். எடுத்துக்கொண்ட என்று மரியாதைக்கு எழுதினேன். திருடிய படம். திருடியவரின் பெயரை எழுதப்போவதில்லை, எழுதினால் அதுவும் அவருக்கு விளம்பரம். பழவேற்காட்டுக்கு வரும் சாலையில், ஏரி கண்ணில் படுவதற்கு முன்பே கண்ணில் படுகிற பெரிய பலகைக்குச் சொந்தக்காரர் என்று சொன்னால் உங்களுக்கெல்லாம் போதும்.

அஞ்சலி எழுத உட்காருகிறவர்கள் அமைதியாக எழுத வேண்டும் என்று எனக்கும் தெரியும். என்னால் ஆகவில்லை. ஹபீபாவுக்கும் அது பிடித்திருக்காது. லேசில் மன்னிக்கத் தெரியாதவள் அவள். நானும் அப்படித்தான். எங்கள் இருவரையும் இத்தனை வருடம் சேர்த்து வைத்திருந்ததே அதுதான் என்று நினைக்கிறேன்.

அவளைத் தெரியாதவர்கள் ஒன்றிரண்டு பேர் குழுவில் புதிதாக வந்திருக்கிறார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். ஹபீபா பழவேற்காட்டு ஊருக்குள் பள்ளிவாசல் தெருவில் இருந்தவள். கணவர் காதர் பாய் படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். இவள் வீட்டிலேயே இறால் தொக்கும் நண்டு மசாலாவும் செய்து சென்னைக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் வேலைக்கு ரயில் ஏறுகிற யாராவது ஒருவர் பையில் அவள் பாட்டில்கள் போகும். நான் தோணிரேவிலிருந்து காய்ந்த இறால் விற்றுக்கொண்டிருந்தேன். சென்னையில் இருப்பவர்கள் வாங்க வேண்டுமானால் படம் கேட்கிறார்கள். அப்படித்தான் நாங்கள் படம் எடுக்க ஆரம்பித்தோம், சாமர்த்தியத்தால் அல்ல.

அவள் அனுப்பிய முதல் படத்தை நான் மறக்கமாட்டேன். ஒரு கிண்ணத்தில் இறால் தொக்கு. கிண்ணத்தின் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி. ஏரிக்கரையில் பிறந்த யாருக்கும் அதில் தப்பு தெரியாது. இறால் வாங்குகிற வியாபாரி அளவு கேட்பார், பக்கத்தில் தீப்பெட்டியை வைத்துப் படம் எடுத்து அனுப்புவோம். எனக்கும் அதுதான் பழக்கம், கருவாட்டுக்கும் தீப்பெட்டிதான். ஆனால் சென்னையிலிருந்து ஒரு அம்மாள், "தீப்பெட்டி எதுக்குங்க, சூடு பண்ணிச் சாப்பிடவா?" என்று கேட்டுவிட்டார். ஹபீபா மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நான்காம் நாள் அதே தொக்கு, பக்கத்தில் உரித்த சின்ன வெங்காயம் இரண்டு. இறால் வெங்காயத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது. "பெருசுனு காட்டணும்னா சின்னத பக்கத்துல வெய்யி. ஆனா அதுவும் துன்றதா இருக்கணும்" என்றாள் என்னிடம். அந்த அம்மாளுக்கு மட்டும் அதற்கப்புறம் அவள் தொக்கு அனுப்பவே இல்லை. எத்தனை முறை கேட்டும் 'ஸ்டாக் இல்லை' என்று ஒரே பதில்.

அடுத்த சண்டை தட்டோடு. படத்தில் கொஞ்சம் காலி இடம் விட வேண்டும், எல்லா மூலையையும் அடைக்கக் கூடாது என்று அவளுடைய உறவுக்காரப் பெண் ஒருத்தி சொல்லியிருக்கிறாள். ஹபீபாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் பெரிய சஹன் தட்டில் சோற்றைக் குவித்து நாலு பேரைச் சுற்றி உட்கார வைப்பார்கள். தட்டின் அடி கண்ணில் பட்டால் வந்தவருக்கு அவமானம், வீட்டுக்காரருக்கு அதைவிட. "காலித் தட்ட ஊருக்குக் காட்டுவாங்களா? பஞ்சம் புடிச்ச வூடுனு நெனைக்கமாட்டான்?" என்று என்னிடம் குமுறினாள். ஒரு வாரம் கழித்து அவளே வழி கண்டுபிடித்தாள். பெரிய தட்டை எடுத்துவிட்டுச் சின்னத் தட்டு வைத்தாள். அது நிரம்பி வழிந்தது. தட்டைச் சுற்றி, கீழே விரித்த பாய் மட்டும் காலியாகக் கிடந்தது. "தட்டு நெறைஞ்சிருக்கட்டும், படம் காலியா இருக்கட்டும்" என்பாள். படம் எடுப்பது பற்றி நான் கேட்டதில் இதைவிடத் தெளிவான பேச்சு இல்லை.

படங்கள் எல்லாம் பனி மூடினாற்போல மங்கலாக வந்த காலம் நினைவிருக்கிறதா? பசியாவரத்திலிருந்து படகில் வரும் நம் யசோதா, கைப்பேசிதான் கெட்டுவிட்டது என்று புதிதே வாங்கினாள். அதுவும் இரண்டு மாதத்தில் மங்கியது. எல்லோரும் கம்பெனிக்காரனைத் திட்டினோம். காதர் பாய் ஒரு நாள் எஞ்சின் சாமானைத் துடைத்துக்கொண்டே எங்கள் புலம்பலைக் கேட்டுச் சிரித்தார். "உப்புக் காத்தும்மா அது. இரும்பயே துன்னுது, உங்க கண்ணாடிய வுடுமா?" மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணியால் கைப்பேசியின் லென்ஸை ஒரு தேய்ப்புத் தேய்த்துக் கொடுத்தார். தட்டில் இருந்த கடுகு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ஹபீபாவுக்கு அதிலும் ஆத்திரம், இத்தனை நாளாக இதைச் சொல்லாமல் வைத்திருந்தாரே என்று. அன்று பாய்க்கு மத்தியானச் சாப்பாடு வெறும் ரசம்.

இனி நான் என் கதையைச் சொல்ல வேண்டும்.

ஹபீபா வீட்டுப் பின்னறையில் வடக்குப் பார்த்த சன்னல் ஒன்று உண்டு. வெயில் நேராக விழாது. மூன்றரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வெளிச்சம் பால் மாதிரி உள்ளே வரும். குழுவில் இருந்த எல்லோரும் சட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் போவோம். அடிதடி ஆகிவிட்டது. அப்போது ஹபீபா சொன்னாள், ஏரியில் செய்கிற மாதிரி பாடு வைத்துக்கொள்வோம் என்று. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று குலுக்கிப் போட்டு முறை வைப்பதுதான் பாடு. ஒருவர் பாடு நாளில் இன்னொருவர் இறங்கினால் அவருக்கு அடுத்த முறைகள் கிடையாது. ஏரிக்காரர்களுக்குத் தண்ணீரைப் பங்கு போடத் தெரியும், வெளிச்சத்தைப் பங்கு போட்டது நாங்கள்தான். சீட்டு எழுதிக் குலுக்கி, மாதம் முழுவதும் யாருக்கு எந்த நாள் சன்னல் என்று சுவரில் ஒட்டினாள்.

யசோதாவின் பாடு நாளில் நான் இறங்கினேன். மறைக்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு அன்று பெரிய கொடுவா மீன் கிடைத்திருந்தது. குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு போனேன். காற்று எதிர்த்ததால் யசோதா படகு வரவில்லை. சும்மா போகிற வெளிச்சம்தானே என்று தட்டை வைத்துவிட்டேன். நான் முடிக்கிற நேரத்தில் அவள் மடவை மீன் வறுவலோடு மூச்சிரைக்க வந்து நின்றாள். வெளிச்சம் போய்விட்டது. ஹபீபா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நான் எடுத்த கொடுவாப் படத்தை, சிவப்பு வட்டங்கள் போட்டுக் குழுவில் விட்டாள். தட்டு விளிம்பில் எண்ணெய்க் கறை ஒரு வட்டம். பாதியில் வெட்டுப்பட்ட கரண்டி ஒரு வட்டம். வைக்கோல் போர் மாதிரி கொட்டிய கொத்தமல்லி ஒரு வட்டம். மீன்மேல் என் தலை நிழல் ஒரு வட்டம். கடைசி வட்டம் படத்தின் அடியில். அதற்கு மட்டும் குரல் பதிவு: "தேசம்மாவோட கால் கட்டவெரல் ரொம்ப அழகா வந்துகீது. போக்கஸ் அங்கதான் கீது, மீன்மேல இல்ல." நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். யார் யார் சிரித்தீர்கள் என்று இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

மூன்று முறை எனக்குச் சன்னல் கிடையாது என்று தீர்ப்பு. அந்தக் காலத்தில் நான் சத்துணவுக் கூடத்துச் சன்னலில் தனியாகப் பழகினேன். அவளைப் பழிவாங்குவதற்காகவே பழகினேன். கண் முதலில் பார்க்கிற இடத்தைத் திரையில் விரலால் தொட்டு, மூச்சைப் பிடித்து, அதன்பின் எடுத்தேன். தட்டின் விளிம்பை ஈரத்துணியால் துடைத்தேன். கறிவேப்பிலையைத் தனியே பொரித்துக் கடைசியில் வைத்தேன். எல்லாம் சரி, சன்னலுக்கு எதிர்ப்பக்கம் மட்டும் தட்டு கருப்படித்துப் போனது. ஒரு நாள் இறால் பெட்டியின் தெர்மாகோல் மூடி பக்கத்தில் கிடந்தது. அதை எடுத்துச் சன்னலுக்கு எதிரே நிறுத்தினேன். வெள்ளை மூடியில் வெளிச்சம் பட்டுத் திரும்பி இருட்டுப் பக்கத்தை நிரப்பியது. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. நேராக ஹபீபாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்தாள், மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தாள். மறுநாள் குழுவில் அவள் எழுதியது: 'சன்னலுக்கு எதிரில் தெர்மாகோல் மூடி வைத்தால் நிழல் குறையும். முயற்சி செய்து பார்த்தேன்.'

என் பெயர் இல்லை.

கால் கட்டைவிரலை மன்னித்திருப்பேன். இதை மன்னிக்க முடியவில்லை. என் மூளையில் உதித்த ஒரே ஒரு நல்ல விஷயம் அது. அதற்கு எத்தனை பேர் கைதட்டினீர்கள். பாராட்டு அவளுக்குப் போனது. நான் ஒரு வார்த்தை பேசாமல் சிரித்த முகத்தோடு இருந்தேன். பேசாமல் இருந்தால் எனக்குள் என்ன வளரும் என்று என் வீட்டுக்காரருக்குத் தெரியும், ஹபீபாவுக்குத் தெரியாது.

இப்போது அந்த நண்டுப் படம். நோன்பு மாதம். ஹபீபாவுக்குப் பசியில்தான் நல்ல படம் வரும். "பசிக்கறப்ப எடு. துன்னுட்டு எடுத்த படத்துல ருசி இருக்காது" என்பாள். நோன்பில் நாள் முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூட இல்லாமல் அடுப்படியில் நின்று நண்டு வறுத்தாள். உப்புப் பார்க்க அவளால் முடியாது. என்னைக் கூப்பிட்டாள். மசாலாவை விரலில் தொட்டு நாக்கில் வைத்து, "இன்னும் ஒரு கல்லு" என்றேன். போட்டாள். சின்னத் தட்டில் மூன்று நண்டு. பெரிய கொடுக்கு ஒன்றை லேசாக உடைத்து, வெள்ளைச் சதை தெரிய எங்கள் பக்கமாகத் திருப்பினாள். மசாலாவை மேலே ஊற்றவில்லை, கரண்டி முனையால் அங்கங்கே ஒற்றினாள். தட்டைப் பாயின் வலது ஓரம் தள்ளி வைத்து, இடது பக்கத்தைச் சும்மா விட்டாள். நான் எதிரே மண்டியிட்டு மூடியைப் பிடித்தேன். "கொஞ்சம் சாய். இன்னும். நில்லு." தட்டின் உயரத்துக்குக் குனிந்தாள். விரலால் அந்த வெள்ளைச் சதையைத் திரையில் தொட்டாள். மூச்சைப் பிடித்தாள். நானும் பிடித்தேன். ஒரே படம்.

எடுத்ததும் இருவரும் திரைமேல் குனிந்தோம். கொடுக்கின் சதையில் நார் நாராகத் தெளிவு. பின்னால் இருந்த நண்டுகள் மெல்லக் கரைந்து போயின. ஆவி ஒரு கீற்று வந்திருந்தது. எனக்கு அவள்மேல் இருந்த கோபம் அப்படியே இருந்தது. ஆனாலும் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் பார்த்துவிட்டாள். "காரமா?" என்றாள். "ஆமா" என்றேன்.

அந்த ஓட்டல்காரர் அவளிடம் மசாலா வாங்கப்போவதாகச் சொல்லி மாதிரிக்குப் படம் கேட்டார். அனுப்பினாள். மசாலா வாங்கவில்லை. பெருநாள் முடிந்து பத்து நாளில் சாலையில் பலகை ஏறியது. ஆளுயரத்துக்கு அந்த நண்டு. மேலே, 'டச்சுக் கோட்டை நண்டு வறுவல் – எங்கள் சமையற்கலைஞர் கைவண்ணம்'. டச்சுக்காரர் கல்லறையைப் பார்க்க வருகிறவர்களைப் பிடிக்க வைத்த பெயர். "டச்சுக்காரன் வந்து அம்மில அரைச்சானாமா?" என்று கேட்டாள் ஹபீபா. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினாள்.

ஓட்டல்காரர் எங்களை உட்கார வைத்தார், மோர் கொடுக்கச் சொன்னார். கோபமே படாத மனிதர், அதுதான் இன்னும் எரிச்சல்.

"இது என் படம்" என்றாள் ஹபீபா.

"நண்டு நண்டுதானம்மா. எல்லா நண்டும் ஒரே மாதிரிதான் கீது. உங்க பேரு அதுல எழுதியிருக்கா?"

"என் வூட்டுப் பாயி அது. என் தட்டு. தோ, இவ பக்கத்துலயே இருந்தா. நீ சொல்லு தேசம்மா. நீதான உப்பு பாத்த, நீதான மூடி புடிச்ச."

அவர் என்னைப் பார்த்தார். ஹபீபாவும் பார்த்தாள். அந்த நிமிடத்தில் நான் என்ன நினைத்தேன் என்று ஒளிக்காமல் எழுதுகிறேன். இப்போது தெரிகிறதா உனக்கு என்று நினைத்தேன். உன் பொருளில் உன் பெயர் இல்லாமல் போனால் எப்படி இருக்கும் என்று தெரிகிறதா என்று நினைத்தேன். வாய் தானாகப் பேசியது.

"நான் மூடியத்தான் பாத்துகினு இருந்தேன். படத்த பாக்கல."

ஓட்டல்காரர் சிரித்து, "பாத்தீங்களா" என்றார். ஹபீபா எழுந்துவிட்டாள். மோரை யாரும் தொடவில்லை.

திரும்பி வரும்போது ஆட்டோ பாதி தூரம் வந்துவிட்டது. பிறகு, என்னைப் பார்க்காமல், வெளியே உப்பங்கழியைப் பார்த்தபடி கேட்டாள்.

"மூடிக்கா?"

"ஆமா."

"சரி. இப்ப கணக்கு நேரா?"

"நேர்தான்."

அவ்வளவுதான். அன்று சாயங்காலமே அவள் குழுவில் எழுதினாள், நீங்கள் எல்லோரும் படித்தீர்கள்: 'தெர்மாகோல் மூடி யோசனை தேசம்மாவுடையது. நான் என்னுடையது போலச் சொல்லிவிட்டேன். தப்பு.' திருத்துவதற்கு அவளுக்கு ஒரு சாயங்காலம் போதுமாக இருந்தது. நான் திருத்தவில்லை. நாளைக்கு அந்த ஓட்டலுக்குப் போய்ச் சொல்கிறேன் என்று நினைத்தேன். நாளைக்கு, அப்புறம் வெள்ளிக்கிழமை, அப்புறம் பள்ளிக்கூடம் திறந்ததும். வீம்பு என்று ஒன்று இருக்கிறதே, அது எனக்கு உடம்பெல்லாம். அவளும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. கேட்டிருந்தால் போயிருப்பேன். கேட்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

அவளுடைய பழி வேறு மாதிரி இருந்தது. "அந்தப் படத்த பழசாக்கிக் காட்றேன்" என்றாள். இரண்டு வருடம் வாரம் தவறாமல் நண்டு எடுத்தாள். அதே சன்னல், அதே மூடி, பிடித்தது நான். ஒரு வாரம் நண்டு ஓட்டுக்குள் தேங்கிய மசாலாவில் சன்னல் தெரிந்தது. ஒரு வாரம் கொடுக்கை உடைக்கும் காதர் பாயின் விரல்கள் மட்டும். படம் சரியில்லை என்றால் அழித்துவிட்டு மறுபடி தட்டைத் துடைப்பாள். பலகையில் இருந்த படம் மெல்ல மெல்ல அவளுடைய சுமாரான படமாக ஆகிவிட்டது. ஆனால் சாலையில் போகிறவர்களுக்கு அது எங்கே தெரியும். அவர்கள் பலகையைத்தான் பார்த்தார்கள்.

போன வருடம் அந்த மனிதருக்கு வெட்கமில்லாமல் இன்னொரு படம் வேண்டியிருந்தது. புதுப் பலகை வைக்கப்போகிறாராம். 'உங்க ஸ்டைலில் ஒன்று அனுப்புங்கள் அக்கா, இந்த முறை பெயர் போடுகிறேன்' என்று செய்தி அனுப்பினார். அனுப்புவாளா என்று எனக்குப் பயம். அனுப்பினாள். வீட்டிலேயே பெரிய சஹன் தட்டைத் தேய்த்துப் பளபளவென்று சன்னலடியில் வைத்தாள். மேலே ஒன்றும் இல்லை, ஒரு பருக்கை இல்லை. வெளிச்சம் தட்டின் ஒரு கரையில் ஏறி இன்னொரு கரையில் இறங்கியது. அவள் எடுத்த படங்களிலேயே சுத்தமான படம். "எங்க வூட்டுல இதுக்கு மேல கெட்ட வார்த்த கெடையாது" என்று சொல்லி அனுப்பு பொத்தானை அழுத்தினாள். அவர் பதில் எழுதினார்: 'அக்கா, தப்பாக வேறு படம் வந்துவிட்டது போல.' அன்றைக்கு நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவள் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் உண்மை அதுவல்ல. அதற்கப்புறமும் நிறையச் சிரித்தாள், பாதி என்னைப் பார்த்து.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை தொழுகைக்கு எழுந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாளாம். மாரடைப்பு. நான் போய்ச் சேர்ந்தபோது உள்ளே பெண்கள் ஓதிக்கொண்டிருந்தார்கள். முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். காதர் பாய் வாசலில் நின்றிருந்தார், கையில் கைப்பேசி, அதில் அந்த அஞ்சலிப் படம்.

"மய்யித்து எடுக்கறதுக்குள்ள போட்டுட்டான், பாத்தியாம்மா" என்றார்.

எனக்கு அங்கேயே சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. "பாய், அன்னிக்கி ஓட்டல்ல நான்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்மா. அன்னிக்கே சொல்டா. 'தேசம்மா பொய் சொன்னா. நல்லா சொன்னா. எனக்கு வேணும்'னு சொல்டு சிரிச்சா." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆனா அதுக்கப்புறம் அந்த ரோட்டு வழியா போவவே மாட்டா. பொன்னேரிக்குப் போயே ஆவணும்னா கண்ண மூடிக்குவா, பலக தாண்டினப்புறம் சொல்லுனு எங்கிட்ட சொல்வா."

அது எனக்குத் தெரியாது. இரண்டு வருடம் வாரந்தோறும் அவளுக்கு மூடி பிடித்தவளுக்கு அது தெரியாது. எனக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. அவளைப் பழிவாங்கிவிட்டோம், நேராகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நேராகவில்லை. பழியில் என்னுடைய பங்கு மிக அதிகமாகப் போய்விட்டிருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை.

நேற்று அந்த ஓட்டலுக்குப் போனேன். வெளியே இருக்கிற பலகையின் கீழேயே மேசை போட்டிருக்கிறார்கள். அதில் உட்கார்ந்து டச்சுக் கோட்டை நண்டு வறுவல் கேட்டேன். கறுப்புக் கல் தட்டு ஒன்றில் வந்தது. அடியில் அலங்காரத்துக்குக் கிழிந்த வலைத் துண்டு. தண்ணீரில் இறக்கி இழுக்கிற வலைமேல் சாப்பாட்டை வைக்கிறவனை நான் இதுவரை கண்டதில்லை. நண்டு ஐஸில் கிடந்து சுருங்கியது, ஓட்டுக்குள் சதையே இல்லை. வறட்டு மசாலாவை மறைக்க மேலே எண்ணெய் ஊற்றியிருந்தார்கள். நான் எதையும் திருத்தவில்லை. விளிம்பைத் துடைக்கவில்லை, இலை வைக்கவில்லை, மூடி பிடிக்கவில்லை. லென்ஸை மட்டும் துடைத்தேன்.

கிட்டே போய் எடுத்தால் தட்டு தெளிவாக வரும், பின்னால் பலகை கரைந்துவிடும். இரண்டும் தெளிவாக வேண்டுமானால் தள்ளி நிற்க வேண்டும், தாழக் குனிய வேண்டும். இதுவும் ஹபீபா சொன்னதுதான். சாலையோரம் வரை பின்னால் போனேன். கீழே அவர் பரிமாறிய நண்டு, மேலே அவள் எடுத்த நண்டு, நடுவில் வேறு எதுவும் இல்லாமல் சட்டத்துக்குள் அடங்கும் வரை மேசை மட்டத்துக்குக் குனிந்தேன். அதற்குள் ஓட்டல்காரரே வெளியே வந்துவிட்டார்.

"நல்லா எடுங்கம்மா. எடுத்துட்டு நம்ம ஓட்டல் பேரையும் போட்டுருங்க."

"போடறேன்" என்றேன். "இந்தப் படத்துல எல்லார் பேரையும் போடறேன்."

மூச்சைப் பிடித்து எடுத்தேன். ஒரே படம்.

அவள் எனக்கு என்ன விட்டுப்போனாள் என்று கேட்டால், கைப்பக்குவம் இல்லை. அது அவளோடு போய்விட்டது. ஆறாத கோபம் ஒன்றை விட்டுப்போயிருக்கிறாள், அதை நான் நன்றாகவே வைத்துக்கொள்வேன். அதோடு, தப்பை அன்று சாயங்காலமே ஒத்துக்கொள்கிற அவளுடைய நெஞ்சு. அது எனக்கு இன்னும் முழுதாக வரவில்லை, இரண்டு வருடம் பிந்திவிட்டது. இருந்தாலும் எடுத்துக்கொள்கிறேன்.

இந்தக் கட்டுரையோடு அந்தப் படத்தையும் நம் குழுவில் போடுகிறேன். காதர் பாய்க்கும் அனுப்பிவிட்டேன். பழவேற்காட்டில் உங்களுக்குத் தெரிந்த எல்லோருக்கும் நீங்கள் அனுப்புங்கள், அன்றைக்குச் சிரித்தவர்கள் முதலில். படத்தின் அடியில் நான் எழுதியிருப்பது இது:

'மேலே இருக்கும் நண்டுப் படத்தை எடுத்தவள் ஹபீபா. கீழே இருக்கும் நண்டைப் பரிமாறியது இந்த ஓட்டல். ஹபீபா அந்தப் படத்தை எடுத்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். பார்த்தேன். – தேசம்மா, தோணிரேவு.'